ஹெல்மெட்டில் அப்பா பெயர்

சவூதியின் ஜுபைலில் அருள்முருகனை அருள்முருகன் என்று கூப்பிட ஆள் கிடையாது. கேட்டில், கேன்டீனில், பஸ்ஸில், சாரத்தின் உச்சியில், எங்கே போனாலும் அவன் கார்மேகம்தான். இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதி அட்டையில் கடைசிப் பெயராக இருந்தது அது. அதையே ஆங்கிலப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஹெல்மெட்டின் முன்பக்கம் ஒட்டியிருந்தார்கள்.

கார்மேகம் அவனுடைய அப்பா. அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவனையும் அம்மா நாகவள்ளியையும் கமுதியில் விட்டுவிட்டு, திருப்பூரில் வேலை இருக்கிறதாம் என்று பஸ் ஏறிப் போன ஆள். வேலை கிடைத்தது. கூடவே இன்னொரு குடும்பமும் அமைந்தது. அதன்பிறகு அந்த ஆள் வரவில்லை. நாகவள்ளி கரிமூட்டத்தில் விறகு அடுக்கப் போனாள், மிளகாய்க் காட்டுக்குப் போனாள், மகனை ஐடிஐ முடிக்க வைத்தாள்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடும்போது ராமநாதபுரத்து ஏஜென்ட் சொன்னான்: “சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டா பின்னாடி விசாவுக்கு இழுத்தடிப்பான் தம்பி. அப்பா பேரைப் போட்ருவோம்.”

“அம்மா பேரு போட முடியாதா?”

ஏஜென்ட் சிரித்தான். “பொம்பளப் பேரையா? அங்க போய் நாலு ஆம்பளைங்க முன்னாடி நிக்க வேணாமா நீயி?”

அம்மாவும், “பேருதானய்யா, இருந்துட்டுப் போகுது” என்று சொல்லிவிட்டாள்.

முதல் வருடம் ஃபோர்மேன் “கார்மேகம்” என்று கத்தினால் அவன் திரும்பமாட்டான். வேண்டுமென்று செய்ததில்லை. அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரித்ததே கிடையாது. காது மந்தம்போல என்று மெடிக்கலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். காது நன்றாகத்தான் இருந்தது. ஒன்பது வருடங்களில் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும்.

சேஃப்டி ஆபீசராக ராபின்சன் வந்து சேர்ந்தது போன வருடம். அறுபதை நெருங்கும் இங்கிலாந்துக்காரர். காலை ஆறு மணிக் கூட்டத்தில் ஆட்களின் ஹெல்மெட்டைப் படித்து, ஒவ்வொருவரையும் மிஸ்டர் போட்டு அழைப்பார். அவருக்கு ஒரு பித்து இருந்தது. எந்தப் பெயரைப் பார்த்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். டீ நேரத்தில் பைப் அடுக்கின் நிழலில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பார். அருள்முருகனுக்கு ஓரளவு இங்கிலீஷ் புரியும். புரியாத இடத்தை டைம்கீப்பர் கௌஸ் முகம்மது தமிழில் சொல்வார். அவர் கீழக்கரைக்காரர். கேம்ப்பில் யாருக்கு எந்த ரூம் என்று ஒதுக்குவதும் அவர்தான்.

கிரேன் சூப்பர்வைசர் பெயர் வாக்கர். பத்தடி தூரத்துக்கும் வண்டியில் போகிற ஆள். ஆட்கள் அவரைக் கிண்டல் செய்வதைக் கேட்ட ராபின்சன், “நடக்கிறவன் என்று நினைத்தீர்களா? இல்லை” என்றார். “நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, நாற்றத் தண்ணீரில் நாள் பூராவும் காலால் மிதிப்பார்கள். அந்த மிதிப்பவன்தான் வாக்கர். கூப்பர், பீப்பாய் செய்தவன். டர்னர், கட்டையைக் கடைந்தவன். எங்கள் ஊரில் துரை என்று யாரும் பிறக்கவில்லை. எல்லாம் கூலிக்காரன் பெயர்தான்.”

“அப்ப ராபின்சன்?” என்றார் கௌஸ்.

“ராபினுடைய மகன். அவ்வளவுதான். ஜான்சன் ஜானுடைய மகன். டிக்சன் டிக்குடைய மகன்.”

அருள்முருகன் டீக் கப்பைக் கீழே வைத்தான். “அந்த ராபின் நல்லவனா சார்?”

கேள்வி ராபின்சனுக்குப் பிடித்துப்போயிற்று. “யாருக்குத் தெரியும்? எழுநூறு வருடம் ஆகிவிட்டது. திருடனாக இருந்திருக்கலாம். பெண்டாட்டியை அடித்தவனாக இருந்திருக்கலாம். அவன் மண்ணாகிப் போனான், வெறும் சத்தம்தான் எங்களிடம் மிச்சம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “எல்லோரும் அப்பன் பெயர் போட்டுக்கொள்ளவில்லை, தெரியுமா? மெக்சன் என்று ஒரு பெயர் இருக்கிறது. மெக் என்பது பெண். மெக்குடைய மகன். புருஷனை இழந்தவளாக இருக்கும், இல்லையென்றால் ஓடிப்போனவனின் பெண்டாட்டியாக இருக்கும். பிள்ளையை அவள்தான் வளர்த்தாள், ஊரும் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டது.”

அன்று முழுக்க அருள்முருகனுக்கு வேலையில் மனம் போகவில்லை. மெக்சன், மெக்சன் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். இத்தனை பெரிய கம்பெனியில், வெள்ளைக்காரனே சொல்கிறான். அப்படியானால் அது செல்லும்.

அந்த வெள்ளிக்கிழமை பஜாருக்குப் போய், ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் NAGAVALLI என்று எழுதி வாங்கினான். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஹெல்மெட்டில் அதை ஒட்டினான். மறுநாள் பஸ்ஸில் இரண்டு தமிழ் ஆட்கள் படித்துவிட்டு, “என்னண்ணே, பொண்டாட்டி பேரா?” என்றார்கள். “எங்காத்தா பேரு” என்றான். அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

பிளான்ட் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்திவிட்டான். அட்டையில் ஒரு பெயர், தலையில் ஒரு பெயர். ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றான். கடைசியில் ராபின்சனே வந்தார். கையில் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது.

“நீங்கதான சார் சொன்னீங்க. மெக்சன்.”

“அது கதை, மிஸ்டர் கார்மேகம். நாளைக்கு மேலேயிருந்து விழுந்து நினைவில்லாமல் கிடந்தால், இந்தப் பெயரை வைத்து யாருடைய ரத்த வகையைத் தேடுவது?” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.

“அந்த மெக் மகன யாரும் கேட்ல நிறுத்தலையே சார்.”

“அப்போது கேட் இல்லை” என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

சாயந்திரத்துக்குள் பழைய பெயரே புது ஸ்டிக்கராகத் திரும்பி வந்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்து ஷட்டவுன் தொடங்கியது. பிளான்ட்டை நிறுத்திப்போட்டு உள்ளே இருக்கும் குழாய், வால்வு எல்லாவற்றையும் கழற்றிச் சரிபார்க்கிற ஐம்பது நாள். அதற்காக இந்தியாவிலிருந்து இருநூறு ஆட்களை இறக்கினார்கள். மறுநாள் கௌஸ் முகம்மது அருள்முருகனின் ரூமுக்கே வந்தார். பக்கத்தில் ஒரு பெட்டியோடு மெலிந்த இளைஞன் நின்றான்.

“மாப்ள, சொல்லவே இல்ல பாத்தியா நீ! தம்பி வாரான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? லிஸ்ட்ல பேரப் பாத்தேன். சரவணகுமார் கார்மேகம். அப்பா பொறந்த ஊரு எதுன்னு கேட்டேன், கமுதிங்கிறான். ரெண்டு பேரையும் பிரதர்னு ரெஜிஸ்டர்ல ஏத்தி, உன் ரூம்லயே போட்டுட்டேன்.” நல்ல காரியம் செய்த முகத்தோடு அவர் போய்விட்டார்.

இளைஞன் பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றான். இருபத்து நாலு வயதிருக்கும். காது மடல் வெளியே விரிந்திருந்தது. அருள்முருகன் கண்ணாடியில் தினமும் பார்க்கிற காது அது.

“நீங்க... நாகவள்ளி பெரியம்மா பையனுங்களா?”

“அந்தப் பேர நீ சொல்லாத.”

“சரிங்கண்ணா.”

“அண்ணங்கிறதும் வேணாம். அந்தக் கட்டில் காலியாக் கெடக்கு. படுத்துக்க.”

நான்கு பேர் தங்கும் ரூம். மற்ற இருவரும் நேபாளிகள். தமிழ் பேச அருள்முருகனையும் சரவணகுமாரையும் தவிர ஆள் இல்லை. சரவணகுமார் விடவில்லை. காலையில் அண்ணாவுக்கும் சேர்த்து டீ பிடித்து வருவான். துவைத்துக் காயப்போட்ட உடுப்பை மடித்து வைப்பான். அருள்முருகன் அந்த டீயைக் குடித்ததில்லை. ஆறிப்போன கப்பைச் சரவணகுமாரே எடுத்துக் கழுவி வைப்பான்.

ஒரு நாள் அவனே சொன்னான்: “அப்பா உங்களப் பத்தி ஒண்ணும் பேசமாட்டாருங்க. ஆனா எங்கம்மா பிரபாவதிதான் ஒருக்கா சொல்லுச்சு, உனக்கு ஒரு அண்ணன் இருக்கறான்னு. அதப் பத்தி நான் அப்பாகிட்டக் கேட்டப்புறம் அவரு ரெண்டு நாள் சாப்பிடலீங்க.”

“ரெண்டு நாளா. நாங்க எத்தன நாளுன்னு அந்தாளுகிட்டக் கேளு.”

“சாயப்பட்டறையில தொட்டிக்குள்ள நின்னு நின்னு அவருக்குக் கால் போயிருச்சுங்க. முழங்கால் வரைக்கும் நீலம் ஏறிக் கெடக்கும். புண்ணு ஆறாது. அந்தக் காலோடதான் என்னைய சைக்கிள்ல வெச்சு ஸ்கூலுக்குக் கொண்டுபோவாருங்க.”

அருள்முருகனுக்கு நாற்றத் தண்ணீரில் துணி மிதித்தவன் கதை ஞாபகம் வந்தது. ராபின்சன் சொன்னபோது அந்தக் கூலிக்காரன் மேல் அவனுக்கு இரக்கம் உண்டாகியிருந்தது. இப்போது ஒன்றும் உண்டாகவில்லை. சைக்கிள் என்ற சொல் மட்டும் நெஞ்சில் நின்றது. அவன் பள்ளிக்கூடத்துக்கு நான்கு கிலோமீட்டர் நடந்துதான் போனான்.

டியூட்டி முடிந்து வந்ததும் சரவணகுமார் வீட்டுக்குப் பேசுவான். முதல் தடவை போனிலிருந்து அந்தக் குரல் வந்தபோது அருள்முருகன் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். இருபத்தேழு வருடமாகத் திருப்பூரில் இருந்தும் குரல் கமுதியிலேயே நின்றிருந்தது.

“ஏய்யா, சாப்ட்டியாய்யா? வெயில்ல நிக்காதய்யா. தண்ணிய நெறையாக் குடி, என்னய்யா?”

ஒவ்வொரு சாயந்திரமும் அதே கேள்வி, அதே ‘ஏய்யா’. சரவணகுமார் ஒருமுறை போனை இவன் பக்கம் நீட்டப் பார்த்தான். அருள்முருகன் அவன் கையைத் தட்டிவிட்டான். போன் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. உள்ளே குரல், “யாருய்யா அது? பக்கத்துல யாருய்யா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து சரவணகுமார் வெளியே போய்ப் பேச ஆரம்பித்தான்.

ஷட்டவுனின் முப்பத்தோராவது நாள் காலை பத்து மணிக்கு, எச்.ஆர். ஆபீசிலிருந்து அருள்முருகனுக்கு அழைப்பு வந்தது. அங்கே சாகிர் என்ற லக்னோக்காரர் உட்கார்ந்திருந்தார். வெளிப் பெஞ்சில் சரவணகுமார் முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான்.

சாகிர் இந்தியில் மெதுவாகச் சொன்னார்: “பாய், உங்கள் தந்தை காலையில் இறந்துவிட்டார். மாரடைப்பாம்.”

அருள்முருகன் நின்றபடியே இருந்தான். என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாகிர் விஷயத்தை விளக்கினார். ஷட்டவுன் நேரத்தில் ஒரு குடும்பத்திலிருந்து ஒருவருக்குத்தான் லீவ். மூத்தவனுக்கு முதல் உரிமை. தம்பி போவதென்றால் மூத்தவன் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாயந்திரம் தம்மாமிலிருந்து ஷார்ஜா போய்க் கோயம்புத்தூர் பிடிக்கிற விமானத்தில் ஒரே ஒரு சீட் இருக்கிறது. இரண்டு மணிக்குள் பேப்பர் கைக்கு வந்தால்தான் அவரால் விசா வேலையை முடிக்க முடியும். “ஜல்தி சொல்லுங்கள். நீங்கள் போகிறீர்களா?”

“நான் எதுக்குப் போறேன்? அந்தாளு எனக்கு அப்பன் இல்ல.”

சாகிர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். இரண்டு புகைப்படங்கள். இரண்டின் கீழும் ஒரே கடைசிப் பெயர். “ரெக்கார்டில் இருக்கிறதே பாய். சரி, போகவில்லை என்றால் இதில் கையெழுத்துப் போடுங்கள்.”

இங்கிலீஷில் மூன்று வரி. அருள்முருகன் எழுத்துக்கூட்டிப் படித்தான். கார்மேகத்தின் மூத்த மகனாகிய நான், என் தந்தையின் இறுதிச் சடங்குக்குச் செல்லும் உரிமையை என் தம்பிக்கு விட்டுத் தருகிறேன்.

மூத்த மகன். என் தந்தை. என் தம்பி. அவன் பேனாவை எடுத்தான், வைத்தான். இத்தனை வருடமும் மற்றவர்கள் எழுதியது அந்தப் பெயர். பாஸ்போர்ட்டில் ஏஜென்ட் எழுதினான், ஹெல்மெட்டில் கம்பெனி எழுதியது. இன்றைக்கு அவன் கையாலேயே எழுதச் சொல்கிறார்கள். அதுவும் அந்த ஆள் செத்த பிறகு.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

சரவணகுமார் எழுந்து பின்னாலேயே வந்தான். “அண்ணா, நீங்க போறதுன்னாலும் போங்கண்ணா. கொள்ளி வெக்க ஒருத்தராச்சும் போவோணும். இல்லைன்னா ஒரு கையெழுத்துங்கண்ணா. ஒண்ணே ஒண்ணு.”

“வேல கெடக்கு. முடிச்சுட்டு வாரேன்.”

“ரெண்டு மணிக்குள்ளங்க...”

“தெரியும்.”

அவன் சாரத்தில் ஏறினான். முப்பது மீட்டர் உயரத்தில் குழாய் மூட்டின் போல்ட்டுகளை முறுக்குகிற வேலை. அவசரமே இல்லாத வேலை. ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினான். பன்னிரண்டு மணிக்குப் போகலாம் என்று நினைத்தான். பிறகு ஒரு மணிக்கு. கொஞ்ச நேரம் கிடந்து தவிக்கட்டும் என்றுதான் முதலில் இருந்தது. ஒரு மணி நேரம் தவித்தால் என்ன, அம்மா தவிக்காததா? கீழே தடுப்பு நாடாவுக்கு அந்தப் பக்கம் சரவணகுமார் வெயிலில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பெர்மிட் இல்லாததால் நாடாவைத் தாண்ட முடியாது. கைகளை வாயில் குவித்து ஏதோ கத்தினான். சத்தத்தில் கேட்கவில்லை. அவன் கெஞ்சிக் கேட்டிருக்க வேண்டும், காவலுக்கு நின்ற ஆள் மெகாஃபோனை எடுத்தான்.

“கார்மேகம்! கம் டவுன்! கார்மேகம்!”

அது தெளிவாகக் காதில் விழுந்தது. முதல் வருடம் போலவே அவன் திரும்பவில்லை. இந்த முறை வேண்டுமென்றேதான்.

இரண்டு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் மூன்று போல்ட் பாக்கி. அதை முறுக்கிவிட்டுத்தான் இறங்கினான்.

அவன் கையெழுத்துப் போட்ட பேப்பரைச் சாகிர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. மணி இரண்டேகால். “மாஃபி, இனி இல்லை பாய். சீட் போய்விட்டது. அடுத்தது நாளை மறுநாள். கலாஸ், முடிந்துவிட்டது.”

திருப்பூரில் உடலை அதுவரை வைத்திருக்க மாட்டோம் என்றார்கள். வீட்டில் ஐஸ் பெட்டி பிடித்து வைக்கவும் இடமில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்தார்கள். கௌஸ் முகம்மது சொல்லி, இருவருக்கும் அந்த ஒரு நாள் டியூட்டி இல்லை. சரவணகுமார் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அங்கே அவனுடைய தாய்மாமன் கொள்ளிச் சட்டியைச் சுமந்தார். அருள்முருகன் எழுந்து வெளியே போய்விடத்தான் நினைத்தான். போகாமல் அவன் தோளுக்குப் பின்னால் நின்றான். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு கிழவர் கிடந்தார். அவன் மனதில் வைத்து வைத்து வெறுத்த ஆள் மீசையும் தோளுமாக உயரமாக இருந்தான். இது யாரோ ஒரு சிறுத்துப்போன கிழவர். வேட்டிக்கு வெளியே பாதங்கள் நீலமாகத் தெரிந்தன.

சரவணகுமார் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏன் இறங்கி வரவில்லை என்று கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்ல அருள்முருகனிடம் இருபத்தேழு வருடம் இருந்தது.

டியூட்டிக்குத் திரும்பிய அன்று ராபின்சன் அவனைத் தனியாக நிறுத்திக் கை கொடுத்தார். “உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன், மிஸ்டர் கார்மேகம்.”

“தேங்க் யூ சார்” என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் அம்மா கூப்பிட்டாள். ரூமில் சரவணகுமார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நேபாளிகள் இருவரும் சமையலில் இருந்தார்கள். நாகவள்ளிக்குக் காது சரியாகக் கேட்காது. அவள் கத்திப் பேசுவது ரூம் முழுக்கக் கேட்கும்.

“சேதி இன்னைக்குத்தான்யா வந்துச்சு. யாரோ திருப்பூருல இருந்து வந்தவுக சொன்னாக. கழுத்துல கெடந்தத எடுத்து வச்சிட்டேன். இவ்வளவு காலமும் எதுக்குக் கெடந்துச்சோ.” மூக்கைச் சிந்தும் சத்தம் வந்தது. “அந்தப் புள்ளையும் அங்க உன்கூடத்தான் இருக்குன்னு சொன்னியே. அதையாவது அனுப்பி வச்சியாய்யா? நீ போகமாட்ட, எனக்குத் தெரியும். அது என்ன பாவம் பண்ணுச்சு.”

அருள்முருகன் சுவர்ப் பக்கம் பார்த்தான். அந்த முதுகு அசையவில்லை.

“அனுப்பிட்டேம்மா.”

“கொள்ளிக்குப் போய்ச் சேந்துச்சா?”

“சேந்துட்டான்.”

“நல்ல காரியம் பண்ணுனய்யா. அந்தாளு மாதிரி ஆகாம உன்ன வளத்துட்டேன். அது போதும் எனக்கு.”

போனை வைத்தபோது சரவணகுமார் எழுந்து உட்கார்ந்திருந்தான். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து, கொடியில் கிடந்த தன் துணிகளை மட்டும் உருவி எடுத்து, ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்தான். பிறகு கௌஸ் முகம்மதுவிடம் வேறு ரூம் கேட்கப் போனான்.